மயிலாப்பூரில் ஒரு வாரம்

சென்னைக்குப் போய்வந்த நம்மவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், தி.நகர் சேலைக் கடையும் காஞ்சிபுரம் பேருந்துப் பயணமும்தான் பதிலாக வரும். புக்கிட் பெருந்துங்கிலிருந்து வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்த ஓட்டம் பெரிய சோதனை. ஐந்து நாளும் கால்வலியிலேயே கழிந்துவிடும்.

அதற்குப் பதிலாக, மாட வீதிகளுக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுத்து மயிலாப்பூரிலேயே ஒரு வாரம் தங்கலாம். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. விடியுமுன்பே விழிப்பு வரும், அதுவும் நல்லதுதான். கபாலீசுவரர் கோயில் வாசலில் பூக்கடைகள், தெப்பக்குளம், பசியாறப் பொங்கலும் காப்பியும். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள். அதுவரை வெயிலோடு மல்லுக்கட்டாமல் தூங்குவதே புத்திசாலித்தனம்.

பேங்காக்கில் கடைக்காரரோடு பேச வழிகாட்டி வேண்டும். இங்கே வேண்டாம். இரண்டாம் நாளும் அதே கடைக்குப் போனால், "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். நம் பேச்சில் ஒரு 'லா' விழுந்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்! தாத்தா கப்பலேறிய கிராமத்தின் பெயரை மட்டும் சுமந்துகொண்டு தோட்டத்தில் வளர்ந்த பெற்றோர், அதைச் சொல்லி வழி விசாரிக்க அந்த ஒரு கேள்வி போதும். பேருந்து காத்திருந்தால் அந்தப் பேச்சு நடக்காது.

பங்குனியில், அதாவது மார்ச், ஏப்ரல் வாக்கில், அறுபத்து மூவர் விழாவன்று வீதிகளில் கூட்டம் நெரியும். அமைதி வேண்டுவோர் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். விழாவைப் பார்த்தே தீர வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், அறையை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.