ஸ்மார்ட் வாட்ச்: இன்றே வாங்குவதா, அடுத்த மாடலுக்குக் காத்திருப்பதா?

புதுப் புளி வரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கையில் பழைய புளியை மூட்டைக் கணக்கில் எடுக்கலாமா என்பது நம் மளிகை வணிகர்களுக்குப் பழகிப்போன கேள்வி. கடையில் உள்ள இருப்பு, வாடிக்கையாளர் தேவை, விலை இறங்கும் வாய்ப்பு, முடங்கும் முதல் ஆகிய நான்கையும் எடை போட்ட பிறகே முடிவெடுக்கிறோம். ஆனால் தமக்கோ தம் பிள்ளைகளுக்கோ ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கப் போகும்போது நம்மில் பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. "பாதி விலைக்குத் தருகிறார்கள்" என்று பழைய மாடலை வாங்கிவிடுகிறோம். அல்லது "அடுத்த மாதம் புதிது வருகிறதாம்" என்று ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போடுகிறோம். இரண்டிலும் நஷ்டம் உண்டு. சரக்குக் கொள்முதலில் நாம் போடும் அதே கணக்கை இதிலும் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேதி அச்சிடாத சரக்கு

அரிசி பழையதாகப் பழையதாக விலை கூடும். ஸ்மார்ட் வாட்ச் அந்த ரகமல்ல. அது பாக்கெட் மாவைப் போலக் காலாவதி உள்ள சரக்கு. தேதி மட்டும் உறையில் அச்சிடப்படுவதில்லை. வாட்சுக்குள் ஓடும் மென்பொருளை நிறுவனம் ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருகிறது. சில ஆண்டுகளில் அது நின்றுவிடும். அன்றே வாட்ச் ஓடாமல் போகாது. மணி காட்டும், அழைப்பு வந்தால் அதிரும். ஆனால் புது வசதிகள் வாரா; நாளடைவில் செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடும். இந்த ஆயுள் நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆப்பிள் நிறுவனத்தின் முதல் வாட்ச் 2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. 2018ல் வந்த வாட்ச்ஓஎஸ் 5 மென்பொருள் அதற்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் விற்ற தங்க வாட்சுக்கும் அதே கதிதான். தங்கத்துக்கு மதிப்பு இருந்தது. உள்ளே இருந்த இயந்திரத்துக்கு இல்லை.

இன்னும் நல்ல எடுத்துக்காட்டு சீரிஸ் 3. அது 2017 செப்டம்பரில் வந்தது. விலை குறைந்த ரகமாக 2022 செப்டம்பர் வரை நிறுவனமே அதை விற்றுவந்தது. ஆனால் 2022 ஜூனில் அறிவித்து செப்டம்பரில் வெளியிட்ட வாட்ச்ஓஎஸ் 9 அதற்குக் கிடையாது. அந்த ஆண்டு ஜூலையில் புதுப் பெட்டி பிரித்தவரின் வாட்ச் இரண்டே மாதத்தில் பழைய கணக்கில் சேர்ந்துவிட்டது. சீரிஸ் 4 (2018), சீரிஸ் 5 (2019) ஆகிய இரண்டும் 2024ல் வந்த வாட்ச்ஓஎஸ் 11 உடன் நிறுத்தப்பட்டன. ஆக, சுமார் ஐந்து, ஆறு ஆண்டு என்று ஆயுளைக் கணக்கில் வைக்கலாம்.

மாதத்துக்கு எவ்வளவு?

ஒரு வாட்ச் வெளிவந்த நாளில் ரூ.30,000 என்றும், ஆயுள் ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதம் என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ரூ.500 அடக்கம். இரண்டு ஆண்டு கழித்து அதே வாட்ச் ரூ.21,000க்குக் கிடைக்கிறது. ரூ.9,000 மிச்சம் என்று தோன்றும். ஆனால் மீதி ஆயுள் 36 மாதம்தான். வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு ரூ.583 ஆகிறது. மலிவாக வாங்கியதாக நினைத்தவர் கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறார். 36 மாதத்துக்கு ரூ.500 வீதம் ரூ.18,000, அதற்குக் கீழே வந்தால்தான் பழைய மாடல் உண்மையில் மலிவு. ரூ.15,000க்குக் கிடைத்தால் மாதம் ரூ.417, தாராளமாக வாங்கலாம்.

புது மாடல் வரும் சமயத்தில் தரப்படும் தள்ளுபடி, நம் ஊர் ஆடித் தள்ளுபடி போன்றதே. புதுச் சரக்கு இறங்குமுன் பழைய இருப்பைக் காலி செய்ய வேண்டும் என்பது கடைக்காரரின் தேவை. அதில் தவறில்லை. தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பாராமல், மீதி மாதம் எத்தனை என்று பார்க்க வேண்டும்.

காத்திருந்து லாபம், காத்திருந்து நஷ்டம்

காத்திருப்பதிலும் இரண்டு வகை உண்டு. வரும் தேதி ஓரளவு தெரிந்து காத்திருப்பது ஒன்று. ஆப்பிள் 2016 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் புது வாட்சை அறிவித்துள்ளது. சாம்சங் 2018 முதல் ஜூலை அல்லது ஆகஸ்டில் அறிவித்து வந்துள்ளது. ஆகஸ்ட் கடைசியில் முழு விலை கொடுத்து ஆப்பிள் வாட்ச் வாங்குவது, புதுப் பயறு வரத்துக்கு முதல் வாரம் பழைய பயறை முழு விலைக்கு எடுப்பதற்குச் சமம்.

சாம்சங் வாட்சில் காத்திருந்தவர் பெரிய லாபம் கண்ட ஆண்டு 2021. அதுவரை டைசன் என்ற தன் சொந்த மென்பொருளில் வாட்ச் செய்த அந்நிறுவனம், ஆகஸ்டில் வந்த கேலக்ஸி வாட்ச் 4ல் கூகுளின் வேர் ஓஎஸ் மென்பொருளுக்கு மாறியது. 2020 ஆகஸ்டில் கேலக்ஸி வாட்ச் 3 வாங்கியவருக்கு அந்த மாற்றம் கிடைக்கவில்லை.

தேதியே தெரியாமல் காத்திருப்பது இன்னொரு வகை. எல்லா ரகமும் ஆண்டுதோறும் புதிதாக வருவதில்லை. ஆப்பிளின் விலை குறைந்த எஸ்இ ரகத்தில் இரண்டாவது மாடல் 2022ல் வந்தது. மூன்றாவது 2025ல்தான் வந்தது. 2023லும் 2024லும் செப்டம்பரை எதிர்பார்த்து இருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பெப்பிள் என்ற நிறுவனம் 2016ல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக முன்பணம் பெற்று டைம் 2 என்ற வாட்சை அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. அதன் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கிக்கொண்டது. டைம் 2 அன்று கைவிடப்பட்டது. வரும் என்று சொன்ன சரக்கு வேறு, லாரியில் ஏறிய சரக்கு வேறு என்பது நமக்குத் தெரியாததல்ல.

எதற்காகக் காத்திருக்கிறோம்?

பலர் சொல்லும் காரணம் பேட்டரி. 2015ல் வந்த முதல் ஆப்பிள் வாட்சுக்கு 18 மணி நேரம் என்றார்கள். 2024ல் வந்த சீரிஸ் 10க்கும் அதே 18 மணி நேரம்தான். 2025ல் வந்த சீரிஸ் 11ல்தான் அது 24 மணி ஆயிற்று. பேட்டரிக்காகக் காத்திருந்தவர் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

சில வசதிகள் புது வாட்ச் வாங்காமலே வந்து சேரும். 2025 செப்டம்பரில் ஆப்பிள் அறிவித்த உயர் ரத்த அழுத்த எச்சரிக்கை சீரிஸ் 11க்கு மட்டும் உரியதல்ல. அனுமதி கிடைத்த நாடுகளில் 2023ல் வந்த சீரிஸ் 9க்கும் உண்டு. அது கூட அளவைக் காட்டாது. 30 நாள் கவனித்து அறிகுறி இருந்தால் எச்சரிக்கும், அவ்வளவே. வீட்டில் உள்ள பி.பி. மிஷினுக்கு அது மாற்றாகாது. மறுபுறம், புதிதில் ஒரு வசதி குறைந்தும் போகலாம். காப்புரிமை வழக்கு ஒன்றின் காரணமாக, 2024 ஜனவரி முதல் அமெரிக்காவில் விற்ற சீரிஸ் 9ல் ரத்த ஆக்ஸிஜன் பார்க்கும் வசதி நீக்கப்பட்டது. 2020ல் வந்த சீரிஸ் 6ல் இருந்த வசதி அது. திருத்திய வடிவில் அது திரும்ப வந்தது 2025 ஆகஸ்டில்.

நம் வணிகர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது சர்க்கரை பற்றிய விளம்பரம். காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்திருக்கும் நம்மவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் அதிகம். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டும் என்று சொல்லிச் சில வாட்சுகள் மலிவாக விற்கப்படுகின்றன. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இது குறித்து எச்சரித்தது. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்று அது தெளிவாகச் சொன்னது. அந்த எண்ணை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. இந்த வசதிக்காக இன்று வாங்கவும் வேண்டாம்; "அடுத்த மாடலில் வந்துவிடும்" என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. மாடல் எந்த ஆண்டு, எந்த மாதம் வெளிவந்தது என்று கேளுங்கள். மீதி ஆயுளை மாதத்தில் எண்ணி விலையை வகுங்கள்.

2. உங்கள் போனுடன் சேருமா என்று பாருங்கள். ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும்; கேலக்ஸி வாட்ச் 4 முதல் வந்தவை ஐபோனுடன் சேரா. 2025ல் வந்த வாட்ச்ஓஎஸ் 26க்கு ஐபோன் 11 அல்லது அதற்குப் பிந்தைய போன் தேவை. வாட்சுக்காகப் போனையும் மாற்ற நேர்ந்தால் அந்தச் செலவையும் அடக்கத்தில் சேர்க்க வேண்டும்.

3. பேட்டரியும் தேயும் பொருளே. ஆயிரம் முழு சார்ஜ் வரை 80 சதவீதம் தாங்குமாறு தன் வாட்சைச் செய்திருப்பதாக ஆப்பிள் கூறுகிறது. நாளுக்கு ஒரு சார்ஜ் என்றால் மூன்று ஆண்டுக்குள் ஆயிரம் ஆகிவிடும். கைமாறி வந்த பழைய வாட்சில் இதை முதலில் பாருங்கள்.

4. முறையான பில், வாரண்டி இல்லாமல் வாங்க வேண்டாம்.

5. இன்று என்ன தேவை என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். தராசில் கை இருக்கும்போது அழைப்பு தெரிந்தால் போதும் என்பவருக்கு ஐந்து ஆண்டு ஆயுளும் தேவையில்லை, முப்பதாயிரமும் தேவையில்லை. சாதாரண ரகமே போதும்.

முடிவாக, தேவை இன்று இருக்கிறது, புது மாடலுக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது என்றால் இன்றே வாங்கலாம். மூன்று மாதத்துக்குள் வருமானால் காத்திருங்கள். புதிது பிடித்தால் அதை வாங்கலாம். இல்லையேல் பழையதையே, மாதக் கணக்குக்கு உட்பட்டால், தள்ளுபடியில் எடுக்கலாம். தேதி இல்லாத வதந்தியை நம்பி மட்டும் காத்திருக்க வேண்டாம். கொள்முதலில்தான் லாபம் என்பது சரக்குக்கு மட்டுமல்ல, கையில் கட்டும் கடிகாரத்துக்கும் பொருந்தும்.