புத்தகம் போட்டால் எவ்வளவு மிஞ்சும்?

எழுத ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இரண்டு எந்தப் பாடசாலைக்குப் போனாலும் வரும். ஒன்று, "டீச்சர், கதைக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது?" மற்றது குரலைத் தாழ்த்திக் கேட்பது: "புத்தகம் போட்டால் காசு வருமா?" முதற் கேள்விக்குப் பதில் சொல்ல நம் நாட்டில் பேச்சாளர்களுக்குக் குறைவில்லை. இரண்டாவதைப் பற்றி எழுதினவர்களைத்தான் காணோம். ஆகவே, மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. பக்கத்து ஊரில் தமிழ் படிப்பிக்கிறேன். இரண்டு சிறுகதைத் தொகுதிகளை என் சொந்தச் செலவில் வெளியிட்டிருக்கிறேன்.

சொந்தச் செலவில் வெளியிட்டேன் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இலங்கையில் தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் தம் நூலுக்குத் தாமே பதிப்பாளர். ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் சொந்தமாக அச்சுக்கூடம் நிறுவித்தான் நூல்களைப் பதிப்பித்தார். அறிஞர் சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அவருடைய 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைக் கையில் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத் தெருக்களில் நடந்தே விற்றவர். பிறர் நூலுக்குக் கைகொடுத்தவர்களும் இருந்தார்கள். எஸ். எம். ஹனிபாவின் கல்ஹின்னைத் தமிழ் மன்றம் பல நூல்களை வெளியிட்டது. முதல் நூல் போடுகிறவர்களுக்கென்றே புரவலர் ஹாசிம் உமர் 'புரவலர் புத்தகப் பூங்கா'வை ஆரம்பித்தார். ஆனால் அத்தகைய கைகள் கொஞ்சம், எழுதுகிறவர்கள் அதிகம். மற்றவர்கள் எல்லோரும் சம்பளக் காசையும் சீட்டுக் காசையும் நம்பித்தான் அச்சகத்துப் படியேறுகிறோம்.

என் முதல் தொகுதியின் கணக்கைச் சொல்கிறேன். 2021இல் ஓர் அச்சகத்தில் மதிப்பீடு வாங்கி வைத்திருந்தேன். அடுத்த வருடம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. 200 ரூபா மட்டத்தில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. தாள், மை, தகடு எல்லாமே இறக்குமதி என்பதால் பழைய மதிப்பீடு வெறும் காகிதமாயிற்று. புத்தகம் 2023இல்தான் வந்தது. 128 பக்கம், 300 பிரதி. கணினியில் பக்கம் அமைக்கப் பக்கத்துக்கு 100 ரூபாவாக 12,800. எழுத்துப் பிழை பார்த்தவருக்கு 6,000. அட்டைப்படத்துக்கு 6,000. அச்சும் கட்டும் பிரதிக்கு 390 வீதம் 117,000. ஏற்றி இறக்க 3,200. மொத்தம் 145,000. ஒரு பிரதியின் அடக்கவிலை 483 ரூபா சொச்சம்.

இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்கள் எழுத்தை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 60,000 சீட்டில் எடுத்தது. 35,000 சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. மீதி 50,000ஐ என் சாச்சி வட்டியில்லாக் கடனாகத் தந்தார். நகையை அடகு வைத்துப் புத்தகம் போட்ட எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். வட்டி வேண்டாம் என்பது ஒருபுறம். கதைத் தொகுதி வட்டியைவிட வேகமாக விற்காது என்பது மறுபுறம். இரண்டுக்காகவும் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இனி விலை. பலகையில் எழுதிக் கணக்குச் செய்வதைப்போலப் பாருங்கள். புத்தகத்துக்கு 750 ரூபா போட்டேன். புத்தகக் கடைக்குக் கழிவு 35 வீதம், அதாவது 262.50. என் கைக்கு வருவது 487.50. அடக்கவிலையைக் கழித்தால் ஒரு பிரதியில் எனக்கு மிஞ்சுவது நாலு ரூபா. ஒரு டொபி வாங்கலாமோ தெரியாது. கடைக்காரரைக் குறை சொல்ல வரவில்லை. வாடகை, மின்சாரம், வேலையாள் சம்பளம் எல்லாம் அந்தக் கழிவிலிருந்துதான் போக வேண்டும். ஆனால் கடையை மட்டும் நம்பிச் சொந்த நூல் போடுவது இந்தக் கணக்கில் ஒருபோதும் சரிவராது. விலையை 1,000 ஆக்கலாமே என்பீர்கள். பெயர் தெரியாத ஒருவரின் முதல் தொகுதியை 1,000 ரூபா கொடுத்து வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அதனால்தான் நம் நாட்டில் வெளியீட்டு விழா என்று ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது இலக்கிய விழா. உள்ளே இருப்பவர்களுக்கு அதுதான் புத்தகச் சந்தை. முதற் பிரதி பெறுகிறவர் மேடையில் ஒரு கடித உறையைத் தருவார். சிறப்புப் பிரதி பெறுகிறவர்கள் வரிசையாக வருவார்கள். பிறகு மண்டபத்தில் இருப்பவர்கள். உறைக்குள் 500 இருக்கும், 1,000 இருக்கும், சிலவற்றில் 5,000மும் இருக்கும். புத்தகத்தின் விலைக்கும் உறையில் உள்ள தொகைக்கும் தொடர்பே இராது. அது விலையல்ல, மொய். அதை எழுதி வைக்க வேண்டும். நாளை அவருடைய புத்தகம் வரும்போது, அல்லது அவருடைய மகளின் கலியாணத்துக்கு, நாமும் போக வேண்டும்.

என் விழாவில் 96 பிரதிகள் போயின. உறைகளைப் பிரித்து எண்ணினால் 94,500. செலவு 38,000. பாடசாலை மண்டபம் இலவசமாகக் கிடைத்திருக்காவிட்டால் இன்னும் கூடியிருக்கும். அழைப்பிதழ் 4,500, ஒலிபெருக்கி 6,000, பதாகை 3,500, 120 பேருக்கு ஆளுக்கு 150 ரூபாவாகத் தேநீரும் ஷோர்ட் ஈட்ஸும் 18,000, தூரத்திலிருந்து வந்த இரண்டு பேச்சாளர்களின் போக்குவரத்துக்கு 6,000. கையில் நின்றது 56,500. மறுநாளே அதில் 50,000ஐச் சாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். (மூன்று மணித்தியால விழாவில் ஏழு பேர் பேசினார்கள்; எழுதினவளுக்கு ஏற்புரைக்கு ஐந்து நிமிடம். இது கணக்கில் சேராது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

அந்த உறைகளில் ஒன்றில் 100 ரூபா இருந்தது. எங்கள் தெருவில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு மாமி கொண்டுவந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேரப்பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டாராம். பிறகொரு நாள், மூன்றாவது கதையில் வரும் உம்மா ஏன் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்று என்னிடம் கேட்டார். என் புத்தகத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் நல்லது அது.

இலவசப் பிரதிகள் என்று ஒரு வகை இருக்கிறது. இதைத் தொடக்கத்திலேயே கணக்கில் பிடிக்க வேண்டும். அணிந்துரை எழுதினவர், பேச்சாளர்கள், பத்திரிகைகள், வானொலி முஸ்லிம் சேவை, படித்த பாடசாலை, படிப்பிக்கும் பாடசாலை, சொந்தம். 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் ஒன்றும் உண்டு; அதன்படி அச்சகத்தார் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் ஒப்படைக்க வேண்டும். 'அசன்பே சரித்திரம்' வந்த அதே ஆண்டின் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இப்படி என்னிடமிருந்து போனவை 58 பிரதிகள். 300 அடித்தால் 300 விற்பனைக்கு என்று எண்ணாதீர்கள். 240 என்று எண்ணி விலை போடுங்கள்.

மீதி 146இல் 60ஐ மூன்று கடைகளுக்குக் கொடுத்தேன். 38 விற்றன, 18,525 வந்தது. 22 திரும்பி வந்தன, சிலவற்றின் அட்டை அழுக்கேறி. ஒரு கடையிலிருந்து காசு வாங்க நாலு தடவை பஸ் ஏற வேண்டியிருந்தது. என்னிடம் இருந்த 86இல் உள்ளூர் நூலகங்கள் 25 வீதக் கழிவில் 20 பிரதி எடுத்தன: 11,250. பாடசாலைகளிலும் கூட்டங்களிலும் கையால் விற்றது 47: 35,250. ஆக இரண்டு வருடத்தில் வரவு 159,525. அச்சுச் செலவு, விழாச் செலவு, தபாலும் பஸ்ஸும் 5,600, எல்லாம் சேர்த்துச் செலவு 188,600. நட்டம் 29,075. அலுமாரியில் 41 பிரதிகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றுகூட விடாமல் 750 ரூபாவுக்குக் கையால் விற்றுவிட்டால் 30,750 வரும். அப்போது என் இலாபம் 1,675 ரூபா. அந்தக் கதைகளை எழுத ஆறு வருடம் சென்றது.

இதை வாசித்துவிட்டுப் பேனையை மூடி வைத்துவிடாதீர்கள். இரண்டாவது தொகுதியை வேறு விதமாகச் செய்தேன், அதையும் கேளுங்கள்.

அச்சில் இரண்டு முறை உண்டு. ஓப்செட் முறையில் தகடு செய்யும் செலவு முதலிலேயே வந்துவிடும். 300 அடித்தாலும் 1,000 அடித்தாலும் தகடு ஒன்றுதான். ஆகவே எண்ணிக்கை கூடக் கூடப் பிரதியின் அடக்கவிலை இறங்கும். "இன்னும் 200 போடுங்களேன், மலிவாக வரும்" என்று அச்சகத்தில் சொல்வது இதை வைத்துத்தான். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் விற்காத பிரதி எவ்வளவு மலிவானாலும் கறையானுக்குத்தான். டிஜிட்டல் முறையில் தகடு இல்லை. 50 பிரதியும் அடிக்கலாம். ஒரு பிரதிக்கு விலை கூட, மொத்தச் செலவு குறைவு. இரண்டாவது தொகுதியை டிஜிட்டலில் 100 மட்டும் அடித்தேன். அச்சுக்கு 56,000, பக்கம் அமைக்க 12,000, அட்டைக்கு 6,000, மொத்தம் 74,000. விலை 950. விழா வைக்கவில்லை. முதல் தொகுதியை வாங்கினவர்களின் தொலைபேசி இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். வட்ஸ்அப்பில் அட்டைப்படத்தையும் ஒரு கதையின் முதற் பக்கத்தையும் அனுப்பி, முன்பதிவு கேட்டேன். 70 பேர் முன்கூட்டியே காசு அனுப்பினார்கள். 66,500. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதி புத்தகம் வரமுன்பே சேர்ந்துவிட்டது. யாரிடமும் கடன் வாங்கவில்லை. பிறகு 22 பிரதிகள் கையால் போயின, 20,900. எட்டு இலவசம். வரவு 87,400, மிச்சம் 13,400. தபாற் செலவை வாங்கினவர்களே ஏற்றார்கள்.

ஆனால் ஒன்று. அந்த 70 பேரும் முதல் தொகுதியின் விழாவிலும் பாடசாலைகளிலும் என்னை அறிந்தவர்கள். 29,075 ரூபா நட்டத்தில் வாங்கிய முகவரிகள் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். அதனால் விழாவே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. பெண் பிள்ளை ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்பதை ஊர் கண்ணால் காணுவதற்கும் ஒரு நாள் வேண்டும்தானே. மண்டபத்தையும் மாலையையும் குறைத்துச் செய்யலாம்.

சில்லறை விடயங்கள் சிலவும் உண்டு. சர்வதேச நியம நூல் இலக்கத்தை, ஐ.எஸ்.பி.என். என்பார்களே, கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெறலாம். நம் நாட்டு நூல்களில் 978க்குப் பின் 955 அல்லது 624 என்று வருவது அதுதான். அச்சுக்குப் போகுமுன் எடுக்க வேண்டும். பிறகு ஒட்டுத்தாளில் அடித்து ஒட்டினால் அசிங்கமாக இருக்கும். பதிப்புரிமைக்குக் காசு கட்டிப் பதிய வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய உடனேயே அது உங்களுடையது. உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் நிற்கும். யாராவது புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று தாளில் கையெழுத்துக் கேட்டால், உரிமை யாருக்கு என்ற வரியை முதலில் தேடி வாசியுங்கள். தட்டச்சைப் பாமினியில் வேண்டாம், யுனிகோட்டில் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிறகு மின்னூல் ஆக்கும்போது மாற்றி மாற்றிப் பிழை திருத்தவே இன்னொரு செலவு. அமேசன் கிண்டிலில் தமிழ் நூல் ஏற்றலாம்; விலையைப் பொறுத்து 35 வீதமோ 70 வீதமோ எழுத்தாளருக்கு. எனக்கு அதில் இதுவரை வந்தது ஒரு தேநீர் விருந்துக்கும் காணாது. வெளிநாட்டில் உறவும் நட்பும் நிறைய உள்ளவர்களுக்குச் சரிவரலாம்.

கடைக்குப் பிரதி கொடுத்தால் எத்தனை, என்ன கழிவு, எப்போது கணக்குப் பார்ப்பது என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "நம்ம ஆள்தானே" என்று விடாதீர்கள், நம்ம ஆளிடம்தான் பிறகு கேட்க வாய் வராது.

வீட்டிலும் அப்படித்தான். புத்தகத்துக்கான காசை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனியாக ஒரு வங்கிப் புத்தகத்தில் வையுங்கள். புத்தகம் போட்ட செலவு என் பெயரில் ஊர் முழுக்கப் பேசப்பட்டது. வந்த காசோ, வந்த கையோடு காஸ் சிலிண்டராகவும் டியூஷன் காசாகவும் மாறப் பார்த்தது. உழைக்கும் பெண்ணின் காசு அவளுடையது என்று மார்க்கம் சொல்வதை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் அலுமாரி இலாச்சியில் கிடக்கும் காசுக்கு அது ஞாபகம் இருப்பதில்லை. என் 13,400 தனிக் கணக்கில் கிடக்கிறது. சீட்டு மார்கழியில் விழும். மூன்றாவது தொகுதிக்கு, 96 பக்கம், 100 பிரதி என்று இரண்டு அச்சகங்களில் மதிப்பீடு கேட்டிருக்கிறேன். ஒன்று வந்துவிட்டது. மற்றதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.