மாப்பிள்ளை ஊர்வலத்தில் நின்றது அம்பாசடர்! கார்புரேட்டர் மீது வீண் பழி

சென்னை.-

நாதஸ்வரம் முழங்குகிறது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பின் சீட்டில் இருக்கிறார். மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரம். கார் இரண்டு தடவை இருமியது. கரும்புகை கக்கியது. அப்படியே நின்றுவிட்டது!

மாப்பிள்ளைத் தோழர்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். கூட்டம் சிரித்தது. டிரைவர் தலைகுனிந்தார். பேசிய வாடகையில் பாதிதான் அவர் கைக்கு வந்தது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

அந்த டிரைவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்யாணத்துக்கும் சினிமா படப்பிடிப்புக்கும் கார் விடுவதுதான் பிழைப்பு. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. ஆனாலும் ஊர்வலத்துக்கு அந்தக் காரைத்தான் தேடி வருகிறார்கள். அவருடையது பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின்.

சில வாரங்களாகவே வண்டியில் இழுவை இல்லை. எஞ்சின் சூடேறியது. பெட்ரோலும் குடித்தது. "கார்புரேட்டர் போச்சு. புதுசு போட்டால்தான் ஓடும்" என்று ஒரு ஷெட்டில் சொல்லிவிட்டார்கள். மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, புதுப்பேட்டை பக்கம் ஒரு சந்தில் ஷெட் வைத்திருக்கும் பழைய மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டு போனார்.

யார் திருகினது?

மேஸ்திரி பானெட்டைத் தூக்கினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நான்கும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

"கார்புரேட்டர் ஸ்குருவை யாருப்பா திருகினது?"

"நான்தான் மேஸ்திரி. ஐடிலிங் நிக்கல. அதான் கொஞ்சம் வெளியே எடுத்து விட்டேன்."

"கொஞ்சமா? தலைவலிக்கு வயித்துல பத்து போட்டிருக்கே நீ!"

மேஸ்திரி கார்புரேட்டரைத் தொடவே இல்லை. முதலில் டேப்பெட், அடுத்து பிளக், அதற்கப்புறம் பாயிண்ட், பிறகு டைமிங். கார்புரேட்டர் கடைசி. இந்த வரிசை தப்பினால் நாள் முழுக்கத் திருகினாலும் வண்டி சரிவராது என்பது அவர் கணக்கு.

டேப்பெட் இடைவெளி ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு. பிளக் இடைவெளி 25 பங்கு. இரண்டையும் பீலர் கேஜ் தகடு விட்டுச் சரிபார்த்தார்.

சிக்கியது குற்றவாளி!

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். அங்கேதான் ஆசாமி சிக்கினான்!

பாயிண்ட் திறக்கும்போது 14 முதல் 16 பங்கு இடைவெளி இருக்க வேண்டும். இங்கே தகடு நுழையவே இல்லை. பாயிண்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்கியிருந்தது. முகமும் கருகி மேடு தட்டியிருந்தது.

இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். பாயிண்ட் திறக்கிற நொடியில்தான் பிளக்கில் பொறி விழும். ஆகவே பொறியும் தாமதம். பெட்ரோல் புகை எரிந்து முடியக் கொஞ்சம் நேரம் தேவை. அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரி முன்பே பொறி விழ வேண்டும். தாமதமானால் பாதி நெருப்பு சைலன்சர் வழியாக வீணாகும். எஞ்சின் சுடும், இழுவை போகும். டிரைவர் சொன்ன கோளாறு அத்தனையும் இதுதான்!

ஒரு பல்பு போதும்

புது பாயிண்ட் போட்டு 15 பங்கு இடைவெளி வைத்தார் மேஸ்திரி. இதை முடித்த பிறகுதான் டைமிங் வைக்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும்.

எஞ்சினைக் கையால் சுற்றி, 1-ம் நம்பர் சிலிண்டரை கம்ப்ரஷனுக்குக் கொண்டு வந்தார். புல்லியில் உள்ள வெட்டை டைமிங் அடையாளத்துக்கு நேராக நிறுத்தினார். ஒரு 12 வோல்ட் பல்பு. ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டரில் காயில் ஒயர் வரும் இடத்தில், இன்னொன்று பாடியில். சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பாயிண்ட் திறக்கும் இடம் அதுதான். அங்கேயே முடுக்கினார்.

டைமிங்கை அதிகம் முன்னால் தள்ளினாலும் ஆபத்துதான். ஏற்றத்தில் எஞ்சின் 'கடகட'வென்று தட்டும். நாளடைவில் பிஸ்டனையே உடைத்துவிடும்.

கடைசியில் கார்புரேட்டர்

ஏர் பில்டரைச் சுத்தம் செய்து, எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, சோக்கை முழுக்கத் தள்ளிய பிறகுதான் மேஸ்திரி திருப்புளியைக் கையில் எடுத்தார். மிக்ஸர் ஸ்குருவை எஞ்சின் தடுமாறும் வரை உள்ளே திருகினார். பிறகு மெல்ல மெல்ல வெளியே. ஓட்டம் சீரானதும் கையை எடுத்தார். வேக ஸ்குருவைக் குறைத்து ஐடிலிங் வைத்தார். பத்து நிமிட வேலை!

"இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் இருக்கு. அதனால பழைய அளவுல வைச்சா பெட்ரோல் பத்தாது. கார்புரேட்டர் வழியா 'டப் டப்'புன்னு திருப்பி அடிக்கும். கொஞ்சம் தாராளமா வைக்கணும். பழைய ரப்பர் ஓசையும் மாத்திடு. அது ஊறிப் போய் ஒழுகினா வண்டியே எரிஞ்சிடும்" என்று டிரைவரை எச்சரித்தார் மேஸ்திரி.

மூடிய ஷெட் எமன்!

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பெட்ரோல் அதிகமாகப் போனால் புகையில் கார்பன் மோனாக்சைடு கூடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கதவைச் சாத்திய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு டியூனிங் பார்ப்பது உயிரோடு விளையாடுவதற்குச் சமம். புகைச் சோதனையிலும் இப்படிப்பட்ட பழைய பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாமல் ரோட்டில் பிடிபட்டால் அபராதம்.

டிரைவர் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பு.

"கார்புரேட்டர் காசு மிச்சம் மேஸ்திரி! உங்களுக்கு எவ்வளவு?"

"பாயிண்ட் காசு, என் கூலி. அவ்வளவுதான். இனிமே திருப்புளியைத் தொடாதே!"

மறுநாள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். கரி இல்லை. காபித்தூள் நிறம். வளையல் மனைவியின் கையிலேயே இருக்கிறது. அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டி தயார்!