நலமுடன் மூப்படைதல் (சேலம், நாமக்கல் மாவட்டங்கள்)

நலமுடன் மூப்படைதல் என்பது வயது ஏறினாலும் ஒருவர் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொண்டு, பிறரோடு கூடி வாழும் திறனைக் காத்துக்கொள்வது ஆகும். நோயே இல்லாமை என்பது இதன் பொருள் அன்று. இரத்த அழுத்தத்தை மருந்தால் கட்டுக்குள் வைத்து, சந்தைக்கு நடந்து சென்று வரும் மூதாட்டி நலமுடன் மூப்படைகிறார் எனலாம். உலக சுகாதார அமைப்பு 2002-இல் இதற்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்நோக்கத்திற்கு உதவும் அரசுத் திட்டங்களை இக்கட்டுரை விளக்குகிறது. நாமக்கல் 1997 சனவரி 1 அன்று தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது.

பின்னணி

2011 கணக்கெடுப்பின்படி 60 வயது கடந்தோர் இந்தியாவில் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு. பிள்ளைப்பேறு குறைந்ததும் ஆயுள் நீண்டதும் இதற்குக் காரணங்கள்.

விசைத்தறி, சரக்குந்து (லாரி), கோழிப்பண்ணை, சவ்வரிசி ஆலை, வேளாண்மை ஆகியவை இப்பகுதியின் முதன்மைத் தொழில்கள். இவற்றில் பெரும்பாலோர்க்கு ஓய்வு பெறும் வயது என ஒன்று இல்லை, ஓய்வூதியமும் இல்லை. தறியில் நிற்க இயலாதவர் தார் சுற்றுகிறார்; வயலில் குனிய இயலாதவர் ஆடு மேய்க்கிறார். பணி ஓய்வு பெற்றவரை எவ்வாறு சுறுசுறுப்பாக வைத்திருப்பது என்பது மேலை நாடுகளின் கேள்வி. உழைத்தே தீரவேண்டிய முதியவர் நோயில் விழாமல் இருப்பது எப்படி என்பதே இங்குள்ள கேள்வி.

முதியோர் உதவித்தொகை

தமிழகத்தில் ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. நடுவண் அரசின் தேசிய முதியோர் உதவித்தொகைத் திட்டம் 1995-இல் வந்தது. நடுவண் அரசின் பங்கு 2006-இல் 200 ரூபாயானது. 80 வயது கடந்தோருக்கு 2011-இல் 500 ரூபாயானது. மாநில அரசு மீதித் தொகையைச் சேர்த்து 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாகவும் வழங்கியது. வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இதனைக் கவனிக்கிறார். இப்பயனாளிகளுக்குச் சத்துணவு மையங்களில் மதிய உணவு வழங்கும் ஏற்பாடு 1983-இல் செய்யப்பட்டது. உதவித்தொகை பசியைத் தணிக்கும். உடல் இயங்கும் திறனை அது மட்டும் காக்காது.

வீடு தேடி வரும் மருத்துவம்

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் சென்று வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். துணைக்குச் செல்பவரின் கூலியும் உடன் போகும். எனவே மருந்து பாதியில் நிற்கிறது. அழுத்தம் ஓசையின்றி ஏறிப் பக்கவாதம் வந்த பின்னரே குடும்பம் மருத்துவமனைக்கு ஓடுகிறது.

இந்தத் தடையை நேராக அணுகியது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஆகும். இது ஆகஸ்டு 5, 2021 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. (1965-இல் தருமபுரி பிரியும் முன் அப்பகுதியும் சேலம் மாவட்டமே.) தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்ற மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடுகளுக்குச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் அளந்து, மாத்திரைகளைத் தருகின்றனர். படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை மருத்துவரும் வலிதணிப்புச் செவிலியரும் வீட்டிற்கே வருகின்றனர். உடற்பயிற்சியால் மீண்டும் எழுந்து நடப்பது சிலருக்கேனும் இயலுவதால், இயன்முறை மருத்துவமே இத்திட்டத்தின் சிறந்த பகுதி என்பது இக்கட்டுரையாளர் கருத்து. 2024-இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது.

முதியோருக்கான தேசிய நலவாழ்வுத் திட்டம் (2010) மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கைகள் கொண்ட முதியோர் பிரிவை வகுத்தது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது.

நடையும் கூட்டுறவும்

மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியது. மாவட்டத்திற்கு ஒரு பாதை என்றால், அது எங்கு அமைந்தாலும் பிற ஊர் முதியவர்களுக்கு எட்டாது. பகலில் முதியோர் கூடியிருக்க 'அன்புச்சோலை' மையங்கள் மாநிலத்தின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டன.

2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கிய 'தாயுமானவர்' திட்டம், தொடக்கத்தில் 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நியாயவிலைக் கடைப் பொருட்களை வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது. நடக்க இயலாதவருக்கு இது பெரும் உதவி. நடக்க இயன்றவருக்கோ, அக்கடைக்குப் போய் வருவதே அம்மாதத்தின் நீண்ட நடையாகவும் பலரைக் காணும் வாய்ப்பாகவும் இருக்கக்கூடும்.