பூட்டில்லாக் கதவு! புரியாத பலகை!

கதவு திறந்து கிடக்கிறது. காவலாளி இல்லை, கட்டணமும் இல்லை. ஆயினும் உள்ளே நுழைந்தோர் சிலர். வாசலிலே தயங்கி நிற்போர் பலர்! ஏன் இந்தத் தயக்கம்? வழி சொல்லும் பலகை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி வைக்க ஆள் போதவில்லை!

கட்டற்ற மென்பொருள் என்னும் அருஞ்செல்வத்தின் நிலை தமிழகத்தில் இதுதான். 1983-ஆம் ஆண்டு, ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் குனு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்ற கொள்கை பிறந்தது. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். மாளிகை வாழ் மகனுக்கும் மண்குடிசை மகளுக்கும் ஒரே கருவி! ஆனால், கருவி கைக்கு வந்தால் போதுமா? அதை இயக்கும் முறை கருத்துக்கு எட்ட வேண்டாமா?

நமது நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு நூலை மொழிபெயர்க்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே என்கிறது. கட்டற்ற கையேடுகளிலோ அந்த இசைவு முன்கூட்டியே எழுதித் தரப்பட்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த குனு கட்டற்ற ஆவண உரிமத்தில் மொழிபெயர்ப்புக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எடுத்துக்கொள், உன் மொழியில் எழுதிக்கொள் என்று உரிமையாளரே கூறிய பிறகும் எழுதுகோலை எடுக்காதிருந்தால், குற்றம் எவருடையது?

"கணினி கற்பவனுக்கு ஆங்கிலம் தெரியாதா? தமிழ் எதற்கு?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: ஜப்பானியர் அறியாத தொழில்நுட்பமா? பிரெஞ்சுக்காரருக்கு எட்டாத கலையா? பைத்தான் நிரல்மொழியின் கையேட்டை அவர்கள் தத்தம் மொழியிலே படிக்கிறார்களே, அது ஏன்?

அந்த நிரல்மொழியை வளர்ப்போர் 2017-இல் மொழிபெயர்ப்புக்கென ஒரு நெறி வகுத்தனர். தொடக்கப் பாடம், உள்ளமைந்த செயற்கூறுகளைப் பற்றிய பகுதி, பிழை தெரிவிக்கும் பக்கம் ஆகிய மூன்றும் முடிந்தால்தான் கையேட்டின் மொழிப் பட்டியலில் இடம்! மொழியின் வயது என்னவென்று அவர்கள் கேட்கவில்லை. காப்பியங்கள் எத்தனை என்று கேட்கவில்லை. முடித்த வேலை எங்கே என்று கேட்கிறார்கள்!

நம்மவர் எவரும் எதுவும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். கைம்மாறு கருதாத இளைஞர்கள் க்னோம், பயர்பாக்ஸ், லிப்ரெஓபிஸ் ஆகியவற்றின் திரைச் சொற்களைத் தமிழாக்கினர். கணியம் என்ற மின்னிதழ் 2012 முதல் தமிழிலே கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகிறது. ஆனால் அவர்கள் ஒரு கையளவு. கிடக்கும் வேலையோ கடலளவு!

வேலை எத்தகையது? மேலே ஆங்கில வரி, கீழே வெற்றிடம். அதில் தமிழ் வரியை எழுத வேண்டும். சொல்லுக்குச் சொல் வைத்தால் கதை கெடும். "திறக்க முடியவில்லை" என்ற அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். எந்தக் கோப்பு என்பது ஓடும்போதுதான் தெரியும். அதன் பெயர் வந்து அமர ஓர் இடம் விடப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் அது கடைசியில் வரும்; தமிழில் முதலில் வர வேண்டும். முன்பின் தெரியாத பெயரோடு வேற்றுமை உருபை ஒட்ட முடியாது. ஆகவே "என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று எழுத வேண்டும். இலக்கணம் கற்ற தமிழாசிரியருக்கு இங்கே வேலை இருக்கிறது!

இன்னொன்று. மென்பொருள் ஓய்வதில்லை. மூல வரி மாறினால், கெட்டெக்ஸ்ட் என்ற கருவி பழைய தமிழ் வரியின்மீது ஐயக்குறி இட்டுவிடும். ஒருவர் வந்து சரிபார்க்கும் வரை அந்த வரி பயனர் கண்ணில் படாது. அந்த இடத்தில் ஆங்கிலமே மீண்டும் வந்து அமரும்! எவரும் ஆணையிடவில்லை, எவரும் திணிக்கவில்லை. நாம் காவலை விட்டதால் வந்தது அது! மொழிபெயர்ப்பு ஒருநாள் விழாவன்று, ஓயாத காவல்.

"இயந்திரமே மொழிபெயர்த்துவிடுமே" என்பார்கள். வரைவு எழுதட்டும், வரவேற்போம்! ஆனால் "அழிக்காதே" என்பது "அழி" என்று மாறினால், கோப்பை இழந்து கலங்குபவன் மாணவன் அல்லவா? மனிதக் கண் பாராத வரி, கையேட்டில் ஏறலாகாது.

ஆகவே அழைக்கிறோம், தோழர்களே! நாளொன்றுக்குப் பத்து வரி எழுதுங்கள். ஆண்டொன்றில் 3,650 வரி! ஒருவர் எழுதட்டும், ஒருவர் திருத்தட்டும், ஒருவர் கணினியில் இயக்கிப் பார்க்கட்டும். கணினியா, கணிப்பொறியா என்ற வழக்கை வளர்த்து நாளைக் கழிக்க வேண்டாம். ஒரு கையேட்டில் ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்று முடிவு செய்து நடப்போம். அலுவலக அலமாரியில் உறங்கிய "கோப்பு" கணினித் திரைக்கு வரவில்லையா? பழகப் பழகச் சொல் வாழும்.

தமிழ் வாழ்க என்று முழங்கிய வாய்க்கு ஓய்வு தர வேண்டாம். கைக்கும் வேலை தருவோம். வெற்றிடம் காத்திருக்கிறது, வரி வரியாக!