எட்டரை மணிக்குத் தார் ரோட்டில்

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. இறந்தவர்களில் 9,528 பேர் 18 வயது நிரம்பாதவர்கள். நாளொன்றுக்கு 26 பிள்ளைகள். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், இறந்தவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 32,825 பேர் நடந்து போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. அடுத்த ஆண்டு அது 67,213 ஆனது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 18,347 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது பேர்.

பரளச்சி என்ற ஊர் விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில் இருக்கிறது. வானம் பார்த்த கரிசல் காடு. சுற்றிலும் மிளகாய், பருத்தி, மல்லி, குதிரைவாலி. ஊருக்கும் ஊருக்கும் இடையில் வெயில் மட்டும்தான். காலை எட்டரை மணிக்கு இந்தப் பக்கத்துச் சாலைகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சிலர் நடந்து. சிலர் டவுன் பஸ்ஸில். சிலர் அருப்புக்கோட்டைத் தனியார் பள்ளிகளின் வேனில். சிலர் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸலில்.

பெற்றோர் அதிகம் நம்புவது கடைசியாகச் சொன்னதை. பஸ் வருமா வராதா என்று நிற்க வேண்டாம். வேனுக்குப் பணம் கட்ட வேண்டாம். வழியில் நாய் இல்லை, குடிகாரன் இல்லை. தன் கையால் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டால் மனசு நிம்மதி. இந்த நிம்மதிக்கு எண்களில் ஆதாரம் கிடையாது. பயணித்த தூரத்தோடு சாவைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிடும் நாடு பிரிட்டன். அந்தப் பட்டியலில் ஒரு கிலோமீட்டருக்கு நேரும் சாவில் மோட்டார் சைக்கிள்தான் எப்போதும் முதலிடம். பேருந்து கடைசி வரிசையில் இருக்கிறது.

எக்ஸலில் பிள்ளைகள் எப்படி உட்காருகிறார்கள் என்று கவனித்துப் பார்க்கலாம். பெரியது பின்னால். சின்னது முன்னால், மூட்டை வைக்கும் தட்டில் நின்றுகொண்டு, ஹேண்டில் பாரின் நடுவைப் பிடித்திருக்கும். ஒரு புத்தகப் பை ஹேண்டிலில் தொங்கும். இன்னொன்று பெரியதின் முதுகில், பின்பக்கமாக இழுத்துக்கொண்டு. சாப்பாட்டுக் கூடை சின்னதின் காலடியில். தொங்கும் பை ஹேண்டில் திரும்புவதைத் தடுக்கிறது. அப்பா திடீரென்று பிரேக் பிடித்தால் சின்னதின் முகமும் நெஞ்சும் ஹேண்டில் பாரில் மோதும். அடுத்த நொடியின் ஒரு பகுதிக்குள், பின்னாலிருந்து 60, 65 கிலோ எடையுள்ள அப்பாவின் உடம்பு அதன் மேல் சாயும். பின்னால் இருப்பதற்குப் பிடித்துக்கொள்ள அப்பாவின் சட்டை மட்டுமே.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பில் மோதுவதும் 6.3 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதும் ஒன்று. அது இரண்டு மாடி உயரம். 60 கிலோமீட்டர் என்றால் 14 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு கூடும்போது விழும் உயரம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் தலை, உடம்பு உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு அது ஏழரையில் ஒன்று. அதனால் பிள்ளைகள் விழும்போது தலை முந்துகிறது.

2022-இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 2023 பிப்ரவரி 15 முதல் தனி விதி: 9 மாதம் நிரம்பிய குழந்தைக்கு அளவான ஹெல்மெட், குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம். 128-ஆம் பிரிவு, ஓட்டுபவரைத் தவிர இன்னொருவருக்குத்தான் இடம் என்கிறது. அந்த இன்னொருவரின் வயதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2023-இல் கேரளத்தில் சாலைக் கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கியபோது, மூன்றாவதாகச் சிறுபிள்ளையை ஏற்றிக்கொள்ள விலக்குக் கேட்டார்கள். ஒன்றிய அமைச்சகம் மறுத்துவிட்டது.

அருப்புக்கோட்டைக் கடைகளில் ஹெல்மெட் அடுக்கியிருக்கிறது. பெரும்பாலும் பெரியவர்கள் அளவு. அதைப் பிள்ளைக்கு மாட்டினால் விழும்போது முதலில் கழன்று ஓடுவது அதுதான்.

இந்தப் பழக்கம் பிள்ளை வளர்ந்ததும் நின்றுவிடுவதில்லை. அப்பாவுக்குக் காட்டில் வேலை இருக்கும். தினமும் இரண்டு நடை கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர முடியாது. ஒன்பதாம் வகுப்பு போகும் பையன் எக்ஸலை ஓட்டப் பழகியிருப்பான். ஊருக்குள் தண்ணீர்க் குடம் எடுக்கப் போய்ப் பழகியது. ஒருநாள் சாவி அவன் கைக்கு வரும். பின்னால் தங்கச்சி உட்காருவாள். 16 வயதில் உரிமம் கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கிடைக்கும், ஆனால் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்குத்தான். இப்போது விற்கும் எக்ஸல் 100-இன் எஞ்சின் 99.7 சி.சி. அதை ஓட்ட 18 வயது ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிய வண்டி குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை உரிமம் இல்லை.

வேன் இதைவிடப் பத்திரம். அந்தப் பத்திரம் வந்த வழியைத் தெரிந்துகொள்வது நல்லது. 1997-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கு 40 கிலோமீட்டர் வேக வரம்பு வைத்தது. இருக்கைக் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்றது. 2009 டிசம்பர் 3-இல் வேதாரண்யம் அருகே பள்ளி வேன் குளத்தில் பாய்ந்தது. 9 குழந்தைகளும், அவர்களைக் காப்பாற்ற முயன்ற ஆசிரியை ஒருவரும் இறந்தார்கள். 2012 ஜூலை 25-இல் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்தாள். அதே பேருந்தின் சக்கரம் அவள் மேல் ஏறியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. இன்று வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, உடன் செல்லும் உதவியாளர் எல்லாம் கட்டாயம். ஒவ்வொரு மே மாதமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர், வருவாய்த் துறை, காவல் துறை, கல்வித் துறை சேர்ந்து வாகனங்களை வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்கள்.

அப்படிப் பார்த்த பிறகும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2025 ஜூலை 8 காலை, கடலூர் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் மூடினால்தான் சிக்னல் விழும் ஏற்பாட்டுக்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். அந்தக் கேட்டில் அது இல்லை.

குடும்பத்து எக்ஸலுக்கு மே மாதச் சோதனை கிடையாது. பெற்றோர் சேர்ந்து அமர்த்தும் ஆட்டோவும் அந்த வரிசையில் வந்து நிற்பதில்லை.

அடுத்தது டவுன் பஸ். மாணவருக்குப் பாஸ் இலவசம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. அம்மாவும் கூடவே போய் வரலாம். பஸ்ஸின் ஆபத்து பஸ்ஸுக்கு வெளியே, படியில் இருக்கிறது. 2012 டிசம்பர் 10-இல் சென்னை கந்தன்சாவடியில் படியில் தொங்கிச் சென்ற மாணவர்கள் நால்வர், பஸ்ஸும் லாரியும் உரசியதில் இறந்தார்கள். படியில் தொங்குவதற்குச் சேட்டையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்கு ஒரே ஒரு பஸ் இருந்தால் அதில்தான் எல்லோரும் ஏறுவார்கள். அதையும் விட்டால் எக்ஸல்.

மிச்சம் இருப்பது நடை. கல்வி உரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டு விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு கிலோமீட்டரை ஏழு வயதுப் பிள்ளை கால் மணி நேரத்தில் நடந்துவிடும். நடப்பதில் ஆபத்து இல்லை. நடக்கும் இடத்தில் இருக்கிறது.

தார் முடியும் இடத்தில் கரிசல் மண் தொடங்குகிறது. கோடையில் வெடித்து, தாரைவிடக் கீழே இறங்கிவிடும். ஐப்பசி மழை பெய்தால் செருப்பில் அப்பிக்கொள்ளும். பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலும் இரண்டு மடங்கு கனக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் தார் மேல் ஏறிவிடுகிறார்கள். மண் ஓரத்தில் மீதி இருக்கும் இடத்தைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. வளைவில் அது தார் வரைக்கும் சாய்ந்து நிற்கும். கண்மாய்க் கரை மேல் போகும் சாலைகளில் ஒதுங்க இரண்டு பக்கமும் இடமே இல்லை. அறுப்புக் காலத்தில் குதிரைவாலியையும் சோளத்தையும் சாலையிலேயே பரப்பி வண்டிச் சக்கரத்தில் கதிரடிக்கிறார்கள். தாள் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

இந்தச் சாலையில் ஒரு பிள்ளை, வரும் வண்டிக்கு 15 மீட்டர் முன்னால் குறுக்கே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் பார்த்து, பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும். காய்ந்த தார், நல்ல பிரேக். 30 கிலோமீட்டரில் வந்த வண்டி 13 மீட்டரில் நின்றுவிடும். 40-இல் வந்த வண்டி பிள்ளை மேல் 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். 60-இல் வந்த வண்டி அந்த ஒரு நொடியிலேயே 16 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. பிரேக் பிடிக்கும் முன்பே, வேகம் சற்றும் குறையாமல், 60-இலேயே மோதும்.

பிள்ளை பார்த்துக் கடக்காதா என்ற கேள்விக்கு லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் சோதித்து விடை சொல்லியிருக்கிறார்கள். எதிரே வரும் பொருள் கண்ணில் பெரிதாகிக்கொண்டே போவதை வைத்துத்தான் அதன் வேகத்தை மூளை கணிக்கிறது. தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இந்தத் திறன் இன்னும் முதிர்ந்திருக்காது. மணிக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வாகனம், அவர்களிடம் வந்து சேர ஐந்து நொடியே இருக்கும்போதும், நெருங்கி வருவதாகவே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். 'ரெண்டு பக்கமும் பாத்துப் போ' என்று அம்மா சொல்கிறார். பிள்ளை பார்க்கிறது. பார்த்த பிறகுதான் இறங்குகிறது.

ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டாக நடந்து போகும் வழக்கம் உண்டு. 2021 ஜூன் 28-இல் யாச்சிமாத்தா நகரில் பள்ளி விட்டு வரிசையாக வந்த ஐந்து பிள்ளைகள் மீது, குடித்துவிட்டு ஓட்டியவரின் லாரி ஏறியது. இருவர் இறந்தார்கள். அந்தச் சாலையில் நடைபாதை இல்லை, தடுப்புக் கம்பியும் இல்லை. நாட்டில் எல்லாத் தொடக்கப் பள்ளிகளின் வழிகளையும் ஆய்வு செய்யச் சொன்னது அரசு. சுமார் 76,000 இடங்கள் ஆபத்தானவை என்று பட்டியல் வந்தது.

சாலையைத் திருத்தாமல் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்ட நாடுகளும் உண்டு. இங்கிலாந்தில் 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் 9 பேர். அந்த இடைவெளியில் சாலையில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலை பத்திரமானதால்தான் குறைந்தது என்று அரசு சொன்னது. இந்தக் கணக்கை எடுத்த ஆய்வாளர் மேயர் ஹில்மன் வேறு காரணம் காட்டினார்: சாலையில் பிள்ளைகளே இல்லை. அவர்களைக் கொண்டுபோய் விடும் வாகனங்கள் பள்ளி வாசலில் சேர்ந்தன. நடந்து வந்த மிச்சப் பிள்ளைகள் அவற்றுக்கு இடையில் கடக்க வேண்டியிருந்தது.

திருச்சுழி வட்டத்திலும் ஒரு வீட்டுப் பிள்ளை எக்ஸலுக்கு மாறும்போது, அந்தச் சாலையில் நடக்கிறவர் ஒருவர் குறைந்து, வண்டி ஒன்று காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை கூடுகிறது. அடுத்த வீட்டம்மா அதைப் பார்த்துத் தன் பிள்ளையையும் நடக்க விடப் பயப்படுகிறார். அவர் பயப்படுவது சரிதான்.

அடிபட்ட பிறகு நேரம் எண்ணப்படுகிறது. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் ஸ்கேனும் மூளை நரம்பு அறுவை மருத்துவரும் வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி அதைவிடக் கிட்டம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் அரசு ஏற்கிறது. ஆனால் 108 வண்டி வந்து ஏற்றி, அருப்புக்கோட்டையைத் தொட்டு, அங்கிருந்து மேலே போவதற்கு ஆகும் நேரத்தை எந்தத் திட்டமும் ஈடு செய்யாது.

பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னும் பின்னும் தாரை ஒட்டி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சரளை போட்டு இறுக்கினால் கரிசல் செருப்பில் ஒட்டாது. வளைவுகளில் கருவேலத்தை வெட்டினால் ஓட்டுபவர் பிள்ளையை முன்கூட்டியே பார்ப்பார். பள்ளி வாசலில் வேகத்தடையும் வெள்ளைக் கோடும் இருந்தால் வண்டிகள் 30-க்கு இறங்கும். காலை எட்டே கால் மணிக்கு இன்னொரு பஸ் வந்தால் படியில் தொங்குகிறவர்கள் உள்ளே போவார்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. இரண்டுக்கும் ஊர் எழுதிக் கேட்க வேண்டியது கிராம சபைத் தீர்மானமாக. ஆகஸ்ட் 15-இல் ஒரு கிராம சபை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. சரளை போட இடையில் இருப்பது இரண்டு மாதம்.