மணமுடித்தாலும் மாறாத மாணவர் விசா

புது தில்லி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் பட்டம் பயிலும் இந்திய மாணவி, அந்நாட்டுக் குடிமகன் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார் என வைத்துக்கொள்வோம். சில மாதங்களில், தந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாக ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. விமானம் ஏறுவதற்கு எந்தத் தடையும் இல்லை. திரும்பி வர முடியுமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்கரை மணந்துவிட்டதால் போக்குவரத்து எளிதாகியிருக்கும் என்றே பெற்றோர் கருதுவர். நடைமுறை இதற்கு நேர்மாறானது.

2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் பதிவாகியிருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் இவர்களுக்கே. படிக்கச் சென்ற இடத்திலேயே மணம் முடிப்பவர்களும் இவர்களில் உண்டு.

எண்ணமே குற்றம்

'எஃப்-1' எனப்படும் மாணவர் விசா, படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பும் எண்ணம் உடையவர்களுக்கு மட்டுமே உரியது. விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் குடியேறவே வருகிறார் எனக் கொள்ள வேண்டும். அவ்வாறு இல்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்கிறது அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. எச்-1பி, எல்-1 பணி விசாக்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மாணவர்களுக்கு இல்லை.

கடவுச்சீட்டில் உள்ள விசா காலாவதியானாலும், மாணவர் என்ற தகுதி நீடிக்கும்வரை அமெரிக்காவுக்குள் தங்கியிருக்கலாம். ஆனால், ஊருக்கு வந்துவிட்டால் புதிய விசா பெற்றே திரும்ப முடியும். நேர்முகத் தேர்வு இன்றிப் புதுப்பிக்கும் சலுகை 2025 செப்டம்பரில் பெரும்பாலானோருக்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியும் அதே மாதம் வந்தது.

தூதரக அதிகாரியின் முன் திருமணத்தைச் சொன்னால், குடியேறும் நோக்கம் உள்ளவர் என விசா மறுக்கப்படலாம். மறைத்தால், பொய்த் தகவல் அளித்தவர் என்ற முத்திரை விழும். அது நிரந்தரத் தடை வரை கொண்டுபோய்விடும். கையில் உள்ள விசா செல்லுபடியாவதாக இருந்தாலும், விமான நிலைய அதிகாரி இதே கேள்வியை எழுப்பலாம்.

வரிசை இல்லை, வழியும் இல்லை

அமெரிக்கக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவிக்குக் கிரீன் கார்டு வழங்குவதில் ஆண்டு உச்சவரம்பு கிடையாது. வேலைவாய்ப்பு வழியில் விண்ணப்பித்த இந்தியர்கள் பல்லாண்டுகளாகக் காத்துக் கிடக்கும் நிலையில், இது பெரும் சலுகையே. ஆனால், அந்த விண்ணப்பமே பயணத்துக்கு விலங்கிடுகிறது.

அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்த மாணவர், 'அட்வான்ஸ் பரோல்' எனப்படும் முன் அனுமதி கைக்கு வருமுன் வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். உறவினரின் நோய், மரணம் போன்ற அவசரங்களில் விரைவு அனுமதி கோரலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கிடைத்தாலும், திரும்பி வரும்போது உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் விருப்புரிமை. வெளியே வந்தவர் இந்தியாவிலிருந்தே குடியேற்ற விசா பெறலாம். அதற்குப் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஆகிறது.

குடிமக்களின் உரிமை எதுவரை?

மணந்துகொண்ட அமெரிக்கக் குடிமகனுக்கு இதில் உரிமையே இல்லையா? அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் மாதம் இதற்கு விடையளித்தது. எல் சால்வடாரைச் சேர்ந்த தன் கணவருக்குத் தூதரகம் விசா மறுத்ததை எதிர்த்து அமெரிக்கப் பெண் முனோஸ் தொடுத்த வழக்கு அது. வெளிநாட்டவரான வாழ்க்கைத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்குமாறு கோரும் அடிப்படை உரிமை குடிமக்களுக்கு இல்லை என 6-3 என்ற பெரும்பான்மையில் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். மணம் புரியும் உரிமை உண்டு. மணந்தவரை அழைத்துவரும் உரிமை இல்லை என்பதே இதன் பொருள்.

இதில் புது தில்லி உரக்கக் குரல் எழுப்ப இயலாது. இந்தியாவின் கதவும் அகலத் திறந்ததன்று. இந்தியரை மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவாகி ஈராண்டுகள் நிலைத்த பின்னரே 'ஓசிஐ' அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புத் துறையினரின் ஒப்புதலும் முன்கூட்டியே வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசத்தவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. குடியுரிமை கோருவதற்கு ஏழாண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும்.

காதலைக் குறித்து இரு நாட்டுச் சட்டங்களும் கொண்டுள்ள ஐயம் ஒன்றே. போலித் திருமணங்களைத் தடுக்க அந்த ஐயம் ஓரளவு தேவை என்பதும் உண்மை. ஆனால், அதன் விலையை மெய்யாக மணந்தவர்களும் செலுத்துகின்றனர். தந்தையின் படுக்கையருகே செல்வதா, கணவனிடம் திரும்பும் வழியைக் காப்பதா என்று அந்த மாணவி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பயணச்சீட்டு வாங்குமுன் குடியேற்ற வழக்கறிஞரைக் கலந்தாலோசிப்பது ஒன்றே இப்போது அவருக்கு உள்ள பாதுகாப்பு.